யார் விரலுக்கு யார் வைத்த விசை?

பார்வையற்ற மாணவருக்கு மடிக்கணினி கொடுத்தாயிற்று, பேசும் மென்பொருள் ஒன்றையும் உள்ளே போட்டாயிற்று, இனி அவர் பாடு என்று கை கழுவுகிற வழக்கம் ஊர்ப்பக்கம் இருக்கிறது. கொடுத்தவர் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார். வாங்கியவர் வீட்டுக்கு வந்து, ஒரு கோப்பை ஓர் அடைவிலிருந்து இன்னோர் அடைவுக்கு மாற்ற எந்த விசையை அழுத்துவது என்று தடுமாறிக்கொண்டிருப்பார். தடுமாற்றத்துக்குக் காரணம் கண் தெரியாதது என்று சுற்றி இருப்பவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். அது பொய். அந்த விசைகளைக் கண் தெரிந்த ஒருவர், கண் தெரிந்தவர்களை மட்டும் மனதில் வைத்து அமைத்துவிட்டுப் போனதுதான் காரணம்.

இங்கே பேச்சு முனையத்தில், அதாவது டெர்மினலில், ஓடும் கோப்பு மேலாளர்களைப் பற்றி. மிட்நைட் கமாண்டர், ரேஞ்சர், என்என்என், விண்டோஸில் ஃபார் மேனேஜர் என்று ஒரு கூட்டமே இருக்கிறது. இவற்றில் ஐகான் கிடையாது, மவுஸ் தேவையில்லை, எல்லாம் எழுத்து, எல்லாம் விசைப்பலகை. பழைய கணினியிலும் ஓடும். திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருளுக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் ரேஞ்சரைத் திறந்ததும் திரை மூன்று பத்தியாகப் பிரிகிறது. இடப்பக்கம் மேலடைவு, நடுவில் இப்போதைய அடைவு, வலப்பக்கம் கோப்பின் முன்னோட்டம். பார்க்க அழகு. திரைபடிப்பான் படிப்பதோ வரிவரியாக, இடமிருந்து வலமாக. மேலடைவின் பெயர் ஒன்று, கோப்பின் பெயர் ஒன்று, அந்தக் கோப்புக்குள் இருக்கும் ஏதோ ஒரு வரியின் பாதி, எல்லாம் ஒரே மூச்சில் காதில் கொட்டும். மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசினால் எப்படி இருக்கும், அப்படி.

அடுத்தது கர்சர். எந்தக் கோப்பில் நிற்கிறோம் என்பதை இந்த நிரல்கள் வண்ணப்பட்டையால் காட்டுகின்றன. உண்மையான கர்சரை ஒளித்துவிடுவார்கள், அல்லது திரையின் ஏதோ ஒரு மூலையில் விட்டுவிடுவார்கள். பிரெய்ல் காட்டியை இயக்கும் பிஆர்எல்டிடிஒய், லினக்ஸ் கன்சோலில் பேசும் ஸ்பீக்கப் எல்லாம் கர்சரைத்தான் பின்தொடரும். பட்டை பத்தாவது கோப்பில் இருக்கும், காது மூலையில் இருக்கும். இது தீர்க்க முடியாத பிரச்சினையும் இல்லை. மட் என்கிற பழைய மின்னஞ்சல் நிரலில் "பிரெய்ல் ஃபிரெண்ட்லி" என்றே ஓர் அமைப்பு உண்டு. அதை 'எஸ்' என்று வைத்தால் கர்சர் தேர்ந்த வரியின் தொடக்கத்துக்கு வந்து நிற்கும். லின்க்ஸ் உலாவியிலும் பைன் அஞ்சல் நிரலிலும் இதே வேலைக்கு அமைப்பு இருந்தது. ரேஞ்சரிலும்கூட கர்சரைக் காட்டச் சொல்லும் ஒரு வரி உண்டு. ஆனால் இயல்பிருப்பில் அது அணைந்தே கிடக்கும். யாருக்குத் தேவையோ அவர் அதைக் கண்டுபிடிக்க வேண்டும், கண்டுபிடிக்க முதலில் உள்ளே போக வேண்டும், உள்ளே போனால் மூன்று பேர் பேசுகிறார்கள்..

இதெல்லாம் எரிச்சல் தரும், அவ்வளவுதான். அழிக்கும் விசைதான் ஆபத்து. ரேஞ்சரில் சிறிய டி இரண்டு முறை தட்டினால் கோப்பு வெட்டப்படும், வேறிடத்தில் ஒட்டிக்கொள்ளலாம். முதல் டி சிறியது, இரண்டாவது டி ஷிப்டோடு என்றால் அது அழிப்பதற்கான கட்டளை. திரையின் அடியில் கட்டளை வரி திறக்கும், எண்டர் தட்டினால் கோப்பு போய்விடும். வெட்டுவதற்கும் அழிப்பதற்கும் நடுவே இருப்பது ஒரு ஷிப்ட். கண் இருப்பவர் கீழே வந்து நிற்கும் சொல்லைப் பார்த்து நிதானித்துக்கொள்வார். கர்சரைப் பின்தொடர முடியாத திரைபடிப்பானை வைத்திருப்பவர், ஏதும் நடக்கவில்லை போல என்று எண்டரைத் தட்டுவார். செமஸ்டர் முழுக்கச் சேர்த்த காஸ்ட் அக்கவுண்டிங் குறிப்பு போய்ச் சேரும். வகுப்பில் நண்பன் வாசிக்க வாசிக்கத் தட்டச்சு செய்த குறிப்பு அது. கடையில் ஜெராக்ஸ் எடுத்து ஈடுகட்ட முடியாது.

விசைச் சண்டைகள் வேறு. என்விடிஏ, ஜாஸ், ஆர்க்கா மூன்றுமே இன்சர்ட் விசையைத் தம் கட்டளைகளுக்கு எடுத்துக்கொள்கின்றன. மிட்நைட் கமாண்டரிலும் ஃபார் மேனேஜரிலும் கோப்பைக் குறியிடுவதும் அதே இன்சர்ட்தான். க்னோம் டெர்மினலில் எஃப்10 அழுத்தினால் மிட்நைட் கமாண்டர் மூடுவதற்குப் பதிலாக முனையத்தின் மெனு திறந்துகொள்வது பல வருடக் கூத்து. ஸ்பீக்கப் தன் கட்டளைகளை எண் விசைத்தளத்தில் வைத்திருக்கிறது, பெரும்பாலான சின்ன மடிக்கணினிகளில் அந்தத் தளமே கிடையாது. மேல்வரிசை விசைகளோ பல மடிக்கணினிகளில் எஃப்என் சேர்த்து அழுத்தினால்தான் எஃப் விசை. பார்வையற்றவர் கோப்பை நகலெடுக்க எஃப்5 அழுத்துகிறார், திரையில் வெளிச்சம் கூடுகிறது. யாருக்காகக் கூடுகிறது என்று கேட்கக்கூடாது :-)

இனி டி. கல்லுப்பட்டியிலிருந்து திருமங்கலம் வழியாக ஏறத்தாழ 40 கிலோமீட்டர் பேருந்தில் போய் மதுரையில் பி.காம். படிக்கிற ஒரு பார்வையற்ற மாணவரை எண்ணிப் பாருங்கள். அவர் தமிழில் தட்டச்சு செய்கிறவர். 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை அவருக்கு உண்மையிலேயே நல்ல கருவி. உயிர் இடக்கையில், மெய் வலக்கையில், விரல் அதிகம் அலையாது. கோப்புக்குத் தமிழில் பெயர் வைத்துவிட்டு மறுபடி ஆங்கிலத்துக்கு மாற மறந்துவிட்டார் என்று வையுங்கள். இப்போது டி விசை உ ஆகிவிட்டது, ஜே ப ஆகிவிட்டது, கே ம ஆகிவிட்டது. கீழே இறங்க ஜே அழுத்துகிறார். நிரலுக்கு 'ப' என்றால் என்னவென்று தெரியாது. அது சும்மா இருக்கும். கணினி நின்றுவிட்டதா, குரல் நின்றுவிட்டதா, அடைவு காலியா, மொழி மாறியிருக்கிறதா, நான்கில் எது என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஆங்கில எழுத்தைத் தவிர உலகத்தில் எழுத்தே இல்லை என்று நினைத்து வைத்த விசைகள் இவை. தம் எழுத்தில் தட்டச்சு செய்யும் ரஷ்யர்கள் தங்கள் விசைகளை இந்த நிரல்களில் இரட்டையாகப் பிணைத்துக்கொள்வது பழைய வழக்கம், விம் தொகுப்பானில் அதற்கென்றே ஓர் அமைப்பு உண்டு. தமிழுக்கு அப்படி அமைத்துக் கொடுக்கிற பயிற்சி எங்கே நடக்கிறது?

'அதெல்லாம் எதற்கு, போன் இருக்கிறதே, டாக்பேக் பேசுகிறதே' என்று ஒரு கூட்டம் வரும். போனில் பாட்டுக் கேட்கலாம், பணம் அனுப்பலாம். நூறு கோப்புகளைப் பெயர் மாற்றி, வருடவாரியாகப் பிரித்து, பென் டிரைவில் போடுவது போன் வேலையா? 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு வேலையில் 4 சதவீதம் ஒதுக்குகிறது, அதில் பார்வையற்றவர்க்கும் குறைபார்வையுள்ளவர்க்கும் 1 சதவீதம். அந்த நாற்காலியில் போய் உட்கார்பவர் கோப்புகளோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். பக்கத்து நாற்காலிக்காரர் 'விடுங்க சார், நான் பார்த்துக்கறேன்' என்று வாங்கிக்கொள்ளும் ஒவ்வொரு கோப்பும் அவர் வேலையிலிருந்து கழிகிறது.

இன்னொரு வாதம் கொஞ்சம் கனமானது. ஆளுக்கு ஆள் விசையை மாற்றிக்கொண்டால் யார் யாருக்குச் சொல்லிக்கொடுப்பது? வேறொருவர் கணினியில் உட்கார்ந்தால் என்ன ஆவது? நியாயமான கேள்விதான். பதில், முனைய நிரல்களில் இந்த அமைப்பெல்லாம் வெறும் உரைக்கோப்பு. சில கிலோபைட் இருக்கும். பென் டிரைவில் வரும், மின்னஞ்சலில் போகும். ஒருவர் பட்ட கஷ்டத்தை இன்னொருவர் படாமல் தப்பிக்க இதைவிட மலிவான வழி ஏது? எல்லா விசையையும் கலைக்கச் சொல்லவும் இல்லை. உதாரணத்துக்கு, ஹெச் ஜே கே எல் நான்கால் நகர்வது விரலுக்கு அருமையானது. ஜே-யில் மேடு இருக்கிறது, தடவினால் தெரியும். (அது பார்வையற்றவரை நினைத்து வைத்தது இல்லை. ஏடிஎம்-3ஏ என்ற பழைய முனையத்தில் அந்த நான்கு விசைகளில் அம்புக்குறி வரைந்திருந்தார்கள், பில் ஜாய் விஐ எழுதும்போது அப்படியே எடுத்துக்கொண்டார்.) அதை விட்டுவிட்டு ஆபத்தான விசைகளை மாற்றுங்கள்.

பார்வையற்றவரே வைத்தால் எப்படி இருக்கும் என்பதற்கு டி.வி. ராமன் சாட்சி. புனேயில் வளர்ந்து 14 வயதில் பார்வையிழந்து, மும்பை ஐஐடியிலும் பிறகு கார்னெலிலும் படித்தவர். 1995-இல் ஈமாக்ஸ்ஸ்பீக் வெளியிட்டார். அதில் திரையைப் படித்துக் காட்டும் வேலையே இல்லை, ஈமாக்ஸ் உள்ளிருந்தே தனக்குத் தெரிந்ததைப் பேசும். ஈமாக்ஸின் கோப்பு மேலாளரான டைரெட்டில் வரிவரியாக நகர்ந்தால் உரிமை, அளவு, தேதி என்று வரி முழுவதையும் ஒப்பிக்காது. பெயரைச் சொல்லும். மற்றவை கேட்டால் வரும். டைரெட்டில் அழிப்பதும் இரண்டு படி: டி அழுத்தினால் குறி மட்டும் விழும், எக்ஸ் அழுத்திச் சம்மதம் சொன்னால்தான் போகும். நடுவில் யூ அழுத்திக் குறியை எடுத்துவிடலாம். என்விடிஏ-வையும் பாருங்கள். 2006-இல் அதைத் தொடங்கிய மைக்கேல் கரனும் சேர்ந்து எழுதிய ஜேமி டே-யும் பார்வையற்றவர்கள். தன் விசைகளையே மாற்றிக்கொள்ள அதில் ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். இலவசமும் கூட. ஜாஸ் வாங்க ஆகும் பணத்தில் இன்னொரு மடிக்கணினி வாங்கலாம்.

கல்லுப்பட்டிக்காரர்களுக்கு இது புது வாதமாக இருக்கக்கூடாது. அங்கே காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கடைசிக் காலத்தைக் கழித்தவர் ஜே.சி. குமரப்பா. லண்டனில் தேறிய கணக்காளர், காமர்ஸ் மாணவர்கள் உரிமையோடு சொந்தம் கொண்டாடலாம். 1934-இல் தொடங்கிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தியபோது, மண்ணெண்ணெய் வாங்க வைக்கும் விளக்குக்கு மாற்றாக உள்ளூர்த் தாவர எண்ணெயில் எரியும் மகன் தீபத்தை அந்தச் சங்கம் உருவாக்கியது. கிராமத்தானைக் கருவிக்கு ஏற்பத் திருத்த அவர்கள் போகவில்லை. விளக்கைத் திருத்தினார்கள். மாலை போடும் நாளில் அவர் பெயரைச் சொல்கிறவர்கள், ஊரில் யாரோ தந்த கணினியை வைத்துக்கொண்டு விழிக்கும் பிள்ளையிடம் 'அப்படியே பழகிக்கோப்பா' என்கிறார்கள்.

செய்ய வேண்டியது ஒரு சாயங்கால வேலை. ரேஞ்சரையே எடுத்துக்கொண்டால், அதன் அமைப்புக் கோப்பை நகலெடுத்து வைக்க ஒரு கட்டளை, முன்னோட்டத்தை நிறுத்த ஒரு வரி, கர்சரைக் காட்ட ஒரு வரி. அழிக்கும் விசையின் பிணைப்பை அவிழ்த்துவிட்டு, அந்த இடத்தில் குப்பைத்தொட்டிக்கு அனுப்பும் கட்டளை. ஒரு விசைக்கு, தேர்ந்திருக்கும் கோப்பின் பெயரை ஈஸ்பீக்கின் தமிழ்க் குரலில் சொல்லச் சொல்லி ஒரு வரி, பக்கத்து விசைக்கு ஆங்கிலக் குரலில் சொல்ல இன்னொன்று. ஆங்கிலக் குரல் தமிழ்ப் பெயரைக் கடித்துத் துப்பும் என்பதால் இரண்டும் வேண்டும். தமிழ்99 ஓடுகிறதா ஆங்கிலமா என்று சொல்ல மேசைச்சூழலில் ஒரு விசை. ப, ம என்று தமிழெழுத்துக்கும் பிணைப்பு போடலாம், ஆனால் சில உள்ளீட்டு முறைகள் அடுத்த எழுத்து வரும்வரை முந்தையதைக் கையிலேயே வைத்திருக்கும் என்பதால் அதைச் சோதித்துவிட்டே நம்ப வேண்டும்.

இதில் எந்த விசை எங்கே என்பதை அமைக்கிறவர் தீர்மானிக்கக்கூடாது. பயன்படுத்தப் போகிறவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், அவர் விரல் முதலில் எங்கே போகிறதோ அங்கே வைக்க வேண்டும். முடிந்ததும் திரையை அணைத்துவிட்டு, அமைத்துக் கொடுத்தவர் ஒரு கோப்பைத் தேடி எடுத்துப் பார்க்கட்டும். அவரால் முடியவில்லை என்றால் கோப்பைத் திறந்து மறுபடி முதல் வரியிலிருந்து.