பெருந்தமனி அறுவைக்குப் பின்னர்...

இதயத்திலிருந்து புறப்பட்டு வயிறு வரை இறங்கும் பெருந்தமனியின் சுவர் நலிந்து, ஓரிடத்தில் பலூனைப் போல் புடைத்துக் கொள்வதுண்டு. விஞ்ஞானி ஐன்ஸ்டீனுக்கு வயிற்றில் அத்தகைய புடைப்பு இருந்தது. 1948-இல் டாக்டர் ருடால்ஃப் நிஸ்ஸன் வயிற்றைத் திறந்து அதன்மீது செலோஃபேன் தாளைச் சுற்றினார். புடைத்த பகுதியை நீக்கிவிட்டு வேறு தமனி பொருத்தும் சிகிச்சை 1951-இல்தான் கைகூடியது. ஆறாண்டுகளுக்கு மேல் வாழ்ந்த ஐன்ஸ்டீன், 1955 ஏப்ரலில் அப்புடைப்பே வெடித்து மறைந்தார்.

இன்று டாக்ரான் துணியாலான குழாயை வைத்துத் தைக்கிறார்கள். அல்லது தொடை வழியே ஸ்டென்ட் குழாயைச் செலுத்துகிறார்கள். "ஆபரேஷன் முடிந்தது, இனிக் கவலையில்லை" என்று வாப்பாவை வீட்டுக்கு அழைத்து வந்து, டிஸ்சார்ஜ் தாளைப் பெட்டிக்குள் போட்டுவிடுகிறீர்கள். தொல்லையோ பல்லாண்டுகள் கழித்தும் வரக்கூடும்.

துணிக்குழாய் தமனியோடு முழுமையாக ஒன்றிப் போவதில்லை. எத்தனை காலமானாலும் இணைப்பைத் தாங்குவது பெரும்பாலும் தையல் நூலே. அவ்விணைப்பு தளர்ந்தால் இரத்தம் கசிந்து புதியதொரு புடைப்பு உண்டாகும். தொடையிடுக்கில் துடிக்கும் கட்டியாகவும் அது தென்படலாம். குழாயில் கிருமி தொற்றினால் விட்டுவிட்டுக் காய்ச்சல் வரும், உடல் மெலியும்.

அரிதாயினும் மிகக் கொடியது ஒன்றுண்டு. குழாயை ஒட்டிக் கிடக்கும் முன்சிறுகுடல் அரிக்கப்பட்டு, தமனிக்கும் குடலுக்கும் இடையே வழி திறந்துவிடுவதே அது. முதலில் சிறிது இரத்த வாந்தி, அல்லது தார் போன்ற கரிய மலம். பிறகு தானே நின்றுவிடும். நின்றுவிட்டதே என்று ஆறுதல் கொள்ளாதீர்கள்! சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ உயிரைக் கொண்டுபோகும் அளவுக்கு அது பீறிடலாம். அல்சர் என்றும் மூலம் என்றும் நீங்களே முடிவு கட்டி மருந்து கொடுக்க வேண்டாம். பெரிய மருத்துவமனைக்கு விரைந்து, "இவருக்குப் பெருந்தமனியில் குழாய் வைத்திருக்கிறது" என்பதை முதற் சொல்லாகச் சொல்லுங்கள். பரிசோதனையின் போக்கையே அச்சொல் மாற்றிவிடும்.

ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு வேறொரு சங்கடம். குழாய்க்கு வெளியே, பழைய புடைப்புக்குள் இரத்தம் மெல்லக் கசியும், வலியேதும் இராது. ஸ்கேனில்தான் தெரியும். ஆகவே மருத்துவர் குறித்த காலத்தில் ஆயுள் முழுதும் ஸ்கேன் எடுத்தாக வேண்டும். "நலமாகத்தானே இருக்கிறேன், வீண் செலவு எதற்கு?" என்று வாப்பா தட்டிக் கழிப்பார். விட்டுவிடாதீர்கள். புகைப் பழக்கத்தையும் இரத்த அழுத்தத்தையும் அவ்வாறே.

உம்ராவுக்கோ வெளியூர்த் திருமணத்துக்கோ அவர் புறப்படும்போது, டிஸ்சார்ஜ் தாளின் நகல் ஒன்று அவரது கைப்பையில் இருக்கட்டும்.