சமன்பாடும் ஒரு வாக்கியமே

தமிழ் கற்பிக்கும் நமக்கு இரசாயனவியலில் என்ன வேலை எனப் பழைய மாணவர் சிலர் வினவக்கூடும். தாக்கிகளின் திணிவைக்கொண்டு விளைவுகளின் திணிவைக் காணும் கணக்கில் நம் மாணவர் இடர்ப்படுவதற்குக் கணிதக் குறைவு மட்டும் காரணமன்று. வாசிப்புக் குறைவே பெருங்காரணம் என்பது நம் கருத்து. ஆதலின் எழுதத் துணிந்தோம்.

1950களில் பரந்தனில் எழுந்து, 1980களின் போர்க்காலத்தில் முடங்கிய இரசாயனத் தொழிற்சாலையை மூத்தோர் அறிவர். ஆனையிறவு உப்பின் கரைசலில் மின்னைச் செலுத்தி அங்கே எரிசோடாவும் குளோரீனும் ஆக்கினர். அத்தாக்கத்தின் சமன்பாட்டை வாய்விட்டுப் படிக்கச் சொன்னால், மாணவர் எழுத்துக்களை ஒவ்வொன்றாய் ஒப்புவிப்பரேயன்றிப் பொருள் கூறார். இரண்டு மூல் உப்பும் இரண்டு மூல் நீரும் தாக்கமுற, இரண்டு மூல் எரிசோடாவும் ஒரு மூல் ஐதரசனும் ஒரு மூல் குளோரீனும் விளையும் என்பதன்றோ அவ்வாக்கியம்?

மூல் என்பது எண்ணிக்கை. பத்துத் தேங்காயும் பத்து எலுமிச்சங்காயும் எண்ணால் ஒக்கும், தராசில் ஒக்குமோ? இதனை உணராதவனே உப்பும் நீரும் சம திணிவில் வேண்டுமென எழுதிவிடுகிறான். ஒரு மூல் உப்பு 58.5 கிராம், ஒரு மூல் நீர் 18 கிராம். எனவே 117 கிராம் உப்பும் 36 கிராம் நீரும் சேர்ந்து 80 கிராம் எரிசோடா, 2 கிராம் ஐதரசன், 71 கிராம் குளோரீன் ஆகின்றன. இருபுறமும் கூட்டினால் 153. பிரெஞ்சு அறிஞர் இலவோசியே 1789 இல் தம் நூலில் வகுத்துரைத்த திணிவுக் காப்பு இதுவே. இனி ஒரு தொன் எரிசோடாவுக்கு உப்பு எவ்வளவு என்றால், 117ஐ 80ஆல் வகுத்து 1000ஆல் பெருக்க, 1462.5 கிலோகிராம். உப்பில் மண்ணும் கசடும் இருப்பின் இன்னும் கூடும் என்பதைக் கணக்கு சொல்லாது, உப்பளத்தார் சொல்வர்.

சொல்லாலும் ஒரு சிக்கல் உண்டு. ஈழத்துப் பாடநூலில் திணிவு எனப்படுவது தமிழகப் பாடநூலில் நிறை. இங்கே நிறை எனப்படுவது அங்கே எடை. இரு நூலையும் ஒருங்கே பயிலும் மாணவன் திகைப்பதில் வியப்பென்ன? திணிந்திருப்பது திணிவு என்று சொல்லே பொருளுரைப்பதால் நமக்கு நம்மவர் வழக்கே உவப்பு. ஆயினும் இவ்வேறுபாட்டை முதல் நாளிலேயே எடுத்துரைத்தல் ஆசிரியர் கடன்.

ஆங்கிலத்திற் பயின்றால் இத்தொல்லை இல்லை என்பாரும் உளர். எழுத்தை ஒப்புவிப்பவன் எம்மொழியிலும் ஒப்புவிப்பான். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அவர்தம் முயற்சியால் 'கெமிஸ்தம்' என்னும் இரசாயன நூல் 1875 இல் வெளிவந்தது. பெயரைத் தமிழாக்காது விட்டமை நமக்குச் சிறிது குறையே. பொருளைத் தமிழில் உரைக்க அவர் அஞ்சினாரல்லர்.

நாம் வேண்டுவது சிறிது. கணக்கைத் தொடங்குமுன் சமன்பாட்டை ஒரு தமிழ் வாக்கியமாக எழுதுக என விதித்து, அவ்வாக்கியத்துக்கும் புள்ளி வழங்குக. உடுப்பிட்டியில் கிணறு வெட்டுவோர் காணும் சுண்ணக்கல்லிலிருந்தே தொடங்கலாம்: 100 கிலோகிராம் தூய கல்லைச் சூளையில் முற்றச் சுட்டால் 56 கிலோகிராம் சுண்ணாம்பே எஞ்சும், மற்றை 44 எங்கே போயிற்று? காபனீரொட்சைட்டாய்ப் போயிற்று என மாணவனே எழுதட்டும். இதற்கெனத் திங்கள்தோறும் ஒரு தமிழ்ப் பாடவேளையை இரசாயனவியல் ஆசிரியருக்கு விட்டுக்கொடுக்க நாம் ஆயத்தமாயுள்ளோம்.