புல் பூண்டுப் படிப்பு

"அப்படியானால் டாக்டருக்குப் படிக்க மார்க் போதாதாக்கும்?" கல்லூரியில் தாவரவியல் எடுத்துப் படிக்க விரும்புவதாக எங்களுள் ஒருத்தி சொன்னபோது, அவள் வீட்டிற்கு வந்திருந்த பெரியவர் கேட்ட முதற்கேள்வி இது. "புல் பூண்டுக்குப் பெயர் வைப்பதும் ஒரு படிப்பா, தாயீ?" என்பது இரண்டாவது. அவரை நாங்கள் குறை கூற வரவில்லை. ஊரே அப்படித்தான் எண்ணுகிறது. ஏன், ஹெர்பேரியம் நோட்டைத் தேர்வுக்கு முதல்நாள் இரவில் ஒட்டி முடிக்கும் நாங்களும் நேற்றுவரை அப்படித்தான் எண்ணியிருந்தோம். இந்த ஆண்டு மலரில் எங்கள் வகுப்பிற்கென அன்புடன் ஒதுக்கப்பட்ட பக்கங்களில், அந்தப் பெரியவருக்கு நாங்கள் சொல்லாமல் விட்ட பதிலை எழுத முனைகிறோம்.

திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் ராபினாட் ஹெர்பேரியம் என்றொரு நிலையம் உண்டு. உலர்ந்த செடிகளின் நூலகம் என்று அதனைக் கூறலாம். அக்கல்லூரியில் தாவரவியல் கற்பித்த பிரெஞ்சு நாட்டு இயேசு சபைத் துறவி அருள்தந்தை ராபினாட் அவர்களின் பெயரால் 1967ஆம் ஆண்டில் அதனை நிறுவியவர் அருள்தந்தை கே. எம். மேத்யூ. இவரும் இயேசு சபையினர். 1930இல் பிறந்து 2004இல் இறைவனடி சேர்ந்தவர். பூசை வைக்கும் அதே கைகளால் செடிகளைப் பறித்துச் செய்தித்தாளுக்கிடையே வைத்து அழுத்தி, பெயர் கண்டு, ஏடுகளாகச் சேர்த்தார். சேர்வராயன், கொல்லி, பச்சை, கல்வராயன் ஆகிய மலைகளும் காவிரிச் சமவெளியும் அடங்கிய நிலப்பரப்பை அவர் எடுத்துக்கொண்டார். அதன் விளைவாகத் தமிழ்நாட்டுக் கர்நாடகப் பகுதியின் தாவரங்கள் பற்றிய நூல்தொகுதி 1981 முதல் 1988 வரை வெளிவந்தது. செடியின் கோட்டுப் படங்களுக்கென்றே தனித் தொகுதிகள் அதில் உண்டு. பின்னர் பழனி மலைத் தாவரங்கள் பற்றிய மூன்று பாக நூல் 1999இல் வந்தது. அவருக்கு முன்பே செண்பகனூரில் அருள்தந்தை ஆங்கிளேட் பழனி மலைப் பூக்களை வண்ண ஓவியங்களாகத் தீட்டி வைத்திருந்தார் என்பதையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. துறவு மடங்களுக்கும் செடிகளுக்கும் ஏதோ பழைய உறவு போலும்! மெண்டல் பட்டாணி விதைத்ததும் மடத்துத் தோட்டத்தில்தானே?

ஒரு செடியை உலர்த்தித் தாளில் ஒட்டுவதில் என்ன பெருமை என்று கேட்கலாம். ஒட்டுவதில் பெருமையில்லை, கூடவே எழுதி வைப்பதில்தான் இருக்கிறது. எந்த ஊர், எந்த ஓடைக்கரை, எத்தனை அடி உயரம், எந்தத் தேதி, பூவின் நிறம் என்ன, உள்ளூர்ப் பெயர் என்ன, எடுத்தவர் யார் என்று ஒரு சிறு சீட்டு. உலர்ந்ததும் பூவின் நிறம் போய்விடும். ஆதலால்தான் நிறத்தை எழுதச் சொல்கிறார்கள். இந்தச் சீட்டு இல்லாத செடி வெறும் சருகு. சீட்டு இருந்தால், நூறாண்டு கழித்து அந்த ஓடையே இல்லாமற் போனாலும், அங்கே இது பூத்தது என்று சாட்சி சொல்லும். எங்கள் நோட்டுகளில் இருந்தவை, உண்மையைச் சொன்னால், சருகுகள். "இடம்: பள்ளி வளாகம்" என்று நாற்பது பேரும் ஒரே மாதிரி எழுதியிருந்தோம். சிலருடைய செம்பருத்தி பக்கத்து வீட்டிலிருந்து வந்தது!

பெயர் வைப்பது முடிந்தபின் வகைப்படுத்துவது. இதுவும் வெள்ளைக்காரர் கொண்டு வந்த புதுமை என்று நினைக்க வேண்டியதில்லை. தொல்காப்பிய மரபியலில், வெளியே வைரம் பாய்ந்தவற்றைப் புல் என்றும், உள்ளே வைரம் பாய்ந்தவற்றை மரம் என்றும் பிரித்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் பனையும் தென்னையும் மூங்கிலும் புல்! வானளாவ நிற்கும் பனையைப் புல் என்றால் சிரிப்பு வரும். ஆனால் இன்றைய தாவரவியலும் அவற்றை ஆலமரத்தோடு சேர்க்காமல், நெல்லோடும் அறுகோடும் சேர்த்து ஒருவித்திலைத் தாவரங்கள் என்றுதான் வைத்திருக்கிறது. 1753இல் லின்னேயஸ் ஒவ்வொரு செடிக்கும் இரு சொற்பெயர் வழங்கினார். பிறகு பெந்தம், ஹூக்கர் இருவரும் 1862 முதல் 1883 வரை வெளியிட்ட பெருநூலின் வழி குடும்பம் குடும்பமாகப் படித்தோம். 1998 முதல் மரபணுக்களை ஒப்பிட்டு அமைத்த புதிய வகைப்பாடு வந்துள்ளது. அதன் நான்காம் வடிவம் 2016இல் வெளியாயிற்று.

இதில் எங்களுக்கு மிகவும் பிடித்த செய்தி நம் ஊருக்கே உரியது. கோதை நாச்சியாரைப் பெரியாழ்வார் துளசி வனத்தில் கண்டெடுத்தார் என்பது நம் ஊர் வரலாறு. அந்தத் துளசி எங்கே, வீட்டு நிலைக்கதவுக்கு வாங்கும் தேக்கு எங்கே? பழைய புத்தகங்கள் தேக்கை வெர்பினேசி என்னும் குடும்பத்தில் வைத்திருந்தன. வேலியில் நிற்கும் உண்ணிச்செடிக்கு அது இன்றும் குடும்பம். உறுப்புகளின் நுணுக்கத்தையும் மரபணுக்களையும் ஒப்பிட்ட பின், தேக்கு துளசியின் குடும்பத்துக்கே வந்து சேர்ந்துவிட்டது. ஆவி பிடிக்க உதவும் நொச்சியும் கூடவே வந்தது. நம்பாதவர்கள் தேக்கின் இளங்கிளையைத் தடவிப் பார்க்கலாம். துளசித் தண்டைப்போல் நான்கு பட்டை தட்டுப்படும். இலைகளும் எதிரெதிரே இருக்கும். ஒரு முழ உயரத்துச் செடியும் அறுபது அடி மரமும் ஒரு பாட்டன் வழி வந்த பேரன்மார் என்று அறியும்போது, பரிணாமம் என்பது குரங்கைப் பற்றிய பேச்சு மட்டும் அன்று என்பது விளங்கும்.

எங்கள் ஊர்ப் பாட்டிமார் இந்த உறவுகளை வேறு வழியில் அறிந்திருக்கிறார்கள். ராஜபாளையத்து மாங்காயைக் காம்போடு கடித்து, பால் பட்டு உதடு வெந்து போகாத பிள்ளை உண்டா? முந்திரிக்கொட்டை ஓட்டை வாயால் உடைத்தாலும் வாய் வெந்துபோகும். சேங்கொட்டையை எல்லாரும் தொடவே அஞ்சுவர். மூன்றும் ஒரே குடும்பம்! கத்தரி, தக்காளி, மிளகாய், சுண்டை, மணத்தக்காளி எல்லாம் ஒரு குடும்பமே. ஊமத்தையும் புகையிலையும் அதே குடும்பத்துப் பிள்ளைகள் என்பதை மட்டும் அம்மாமார் மறந்துவிட வேண்டாம். ஒரு செடியின் குடும்பம் தெரிந்தால், அதில் என்ன மருந்து இருக்கும், என்ன நஞ்சு இருக்கும் என்று எங்கே தேடுவது என்பதாவது தெரியும்.

பரிணாமம் என்றதும் தங்கை ஒருத்தி மறைக்கல்வி வகுப்பில் எழுப்பிய கேள்வி நினைவிற்கு வருகிறது. "அப்படியானால் தொடக்கநூல் பொய்யா, சிஸ்டர்?" சிஸ்டர் கோபிக்கவில்லை. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1996இல் திருப்பீட அறிவியல் கழகத்திற்கு அனுப்பிய செய்தியில், பரிணாமக் கொள்கையை வெறும் ஊகம் என்று தள்ளிவிட முடியாது என்று ஏற்றுக்கொண்டதைச் சொன்னார்கள். தொடக்கநூலில் ஆதாம் விலங்குகளுக்கும் பறவைகளுக்குமே பெயரிட்டான், செடிகளுக்குப் பெயரிட்டதாக எழுதவில்லை என்றும் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். ஆகவே அந்த வேலை நமக்காக மீதம் இருக்கிறது என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். சாலமோன் அரசர் லெபனோனின் கேதுரு முதல் சுவரில் முளைக்கும் ஈசோப்பு வரை மரஞ்செடிகளைப் பற்றிப் பேசினார் என்று அரசர்கள் முதல் நூல் கூறும். பேரரசருக்கே சுவர்ச்செடி பேசத்தக்க பொருளாயிருந்தது!

"அருள்தந்தை மேத்யூ ஆண்மகன், காடு மலை ஏறினார். பெண்பிள்ளையை யார் அனுப்புவது?" என்று பெற்றோர் கேட்பதும் நியாயமே. அவர்கள் தலைச்சேரியில் 1897இல் பிறந்த ஜானகி அம்மாளைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். சென்னைக் கல்லூரிகளில் படித்து, மகளிர் கிறித்தவக் கல்லூரியில் கற்பித்து, கடல் கடந்து மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931இல் டாக்டர் பட்டம் பெற்றவர் அவர். அக்காலத்தில் நம் ஊரில் பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பவே வீடுகள் தயங்கின. கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் அவர் எதை ஆராய்ந்தார்? புல்லைத்தான்! கரும்பே ஒரு புல்தான். அதன் காட்டு உறவுகளோடு அதனைக் கலந்து, உயிரணுவினுள் குரோமோசோம்களை எண்ணி, எது எதிலிருந்து கிளைத்தது என்று தேடினார். டார்லிங்டன் என்னும் அறிஞரோடு சேர்ந்து அவர் 1945இல் வெளியிட்ட நூல், பயிர்த் தாவரங்களின் குரோமோசோம்களை உலக அளவில் பட்டியலிட்டது. 1977இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 1984இல் மறைந்தார். மணம் புரியாமலே வாழ்ந்தவர். துறவற ஆடை அணியவில்லை என்பதுதான் வேறுபாடு. இங்கிலாந்தில் அவர் ஆராய்ந்த மக்னோலியா மரங்களுள் ஒரு வகைக்கு அவர் பெயரே வைத்திருக்கிறார்கள்.

மக்னோலியா என்றால் ஏதோ மேல்நாட்டு மரம் என்று எண்ண வேண்டாம். நம் செண்பகமும் மக்னோலியாவே. லின்னேயஸ் அதற்கு மிசேலியா என்று பெயரிட்டார். இன்று மக்னோலியா சம்பகா என்கிறார்கள். தேனீக்கள் பெருகுமுன்பே வண்டுகளை நம்பிப் பூத்த பழங்குலம் அது என்பர். பூவின் நடுத்தண்டில் சூலகங்கள் திருகுபோல் ஏறிச் செல்வதைப் பூவைப் பிரித்தால் காணலாம். நாம் பிரித்துப் பார்ப்பதில்லை, தலையில் வைக்கிறோம். செண்பகத்தோப்பு என்று பெயர் வைத்த ஊர்க்காரர்கள் நாம். ஆனால் செண்பக மரத்தைக் காட்டு என்றால் எத்தனை பேர் காட்டுவோம்?

வனத்துறையின் அனுமதியுடன் ஆசிரியைகளோடு அத்தோப்பின் அடிவாரம்வரை சென்ற ஒரு நாளில் எங்களுக்கு இந்த வெட்கம் வந்தது. சாம்பல்நிற மலை அணிலுக்காக 1988இல் சரணாலயமாக்கப்பட்டு, 2021இல் திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தில் சேர்ந்த காடு அது. அணிலைப் பார்க்கும் ஆவலில் அனைவரும் அண்ணாந்திருக்க, அங்கே வாழும் பளியர் குலத்து மூதாட்டி ஒருவர் எங்கள் காலடியைக் காட்டி, "மேலே பார்க்கிறீங்க, கீழே எதை மிதிக்கிறீங்கன்னு தெரியுமா?" என்றார். ஓர் இலையைக் கசக்கி முகரச் சொன்னார். இன்னொன்றை நுனிநாவில் வைக்கச் சொன்னார். வழியில் அவர் சொன்ன பெயர்களுள் பாதியைக் குறித்துக்கொண்டோம். மீதியை வேனில் ஏறுவதற்குள் மறந்துவிட்டோம். அந்தப் பாதிப் பெயர்களுள் ஒன்றுகூட எங்கள் புத்தகத்தில் இல்லை. எங்கள் புத்தகத்துப் பெயர் ஒன்றுகூட அவருக்குத் தெரியாது. இரண்டையும் ஒரே சீட்டில் எழுதி வைக்க ஒருவர் வேண்டும். அருள்தந்தை மேத்யூவின் பெருநூல்கள் காவிரி நாட்டிற்கும் பழனி மலைக்கும் கிடைத்தன. நம் மலைக்குக் கால் நோக நடக்க நம் ஊர்ப் பிள்ளைகளே போனால் என்ன?

எனவே பெற்றோரை வேண்டுகிறோம்: மார்க் குறைந்தவளுக்குத் தாவரவியல் என்று ஒதுக்காதீர்கள். விரும்பிக் கேட்பவளை அனுப்புங்கள். வேலை கிடைக்குமா என்ற கவலை எங்களுக்கும் உண்டு. எல்லார்க்கும் உடனே கிடைத்துவிடும் என்று பொய் சொல்ல மாட்டோம். ஆனால் விருப்பமில்லாமல் எடுத்த படிப்பை முடித்து வீட்டில் இருக்கும் அக்காமாரையும் நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

மதிப்பிற்குரிய தலைமைச் சகோதரி அவர்களிடம் எங்களுக்கு ஒரே ஒரு விண்ணப்பம். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப்பின், ஆண்டு விழாவிற்காக வளாகமெங்கும் புல் செதுக்கிச் சுத்தம் செய்வது வழக்கம். மாதா கெபிக்குப் பின்னால், சுற்றுச்சுவர் ஓரமாக இரண்டு முழ அகலத்திற்கு மட்டும் இந்த ஆண்டு மண்வெட்டி படாமல் விட வேண்டுகிறோம். இப்போது அங்கே தும்பை, குப்பைமேனி, கீழாநெல்லி, அம்மான் பச்சரிசி, நாயுருவி, மூக்குத்திப்பூ எல்லாம் நிற்கின்றன. பெயர் தெரியாத செடிகள் இரண்டு இன்னும் பூக்கவில்லை. பூத்தால்தான் குடும்பம் தெரியும். தை பிறக்கும்வரை பொறுத்தால் போதும். சீட்டு எழுதி, தேதியிட்டு, புது நோட்டில் நாங்களே ஒட்டித் தருகிறோம்.