புகை கண்டு துணிதல்

மலையின்மேற் புகை தெரிகின்றது. ஆதலால் அங்கே நெருப்பு உண்டு. அடுக்களையிற் காண்பது போல. அளவை நூல் பயிலத் தொடங்கும் மாணவன் முதன்முதற் கேட்கும் எடுத்துக்காட்டு இது. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் உரைக்கும் அளவை நெறியிலும் இது வருகின்றது. அக்காவியம் கூறும் மணிபல்லவம் எங்கள் நயினாதீவே என்று கொள்வார் பலர். அத்தீவுக்குச் செல்லும் அடியார்களைக் குறிகட்டுவான் துறைக்கு ஏற்றிச் செல்லும் ஒரு வானின் புகையே, பள்ளியில் நெடுங்காலம் நான் கற்பித்த இப்பாடத்தை எனக்கு மீண்டும் கற்பித்தது.

வான் என் மருமகனுடையது. டர்போ பூட்டிய டீசல் வண்டி. சென்ற மார்கழியில், வேலணையில் அவன் வீட்டு முற்றத்தில், விடியற்காலையில் எஞ்சினை முடுக்கியதும் புகை குபீரென்று எழும். சில நிமிடங்களில் அடங்கிவிடும். பின்னர் நாள் முழுவதும் வண்டி குற்றமின்றி ஓடும். பட்டணத்துக் கராஜ் ஒன்றிற் காட்டினான். அங்கிருந்தோர் புகையைப் பார்த்தார்கள். “டர்போ போய்விட்டது, புதிது போடவேண்டும்” என்றார்கள். அவர்கள் சொன்ன தொகையைக் கேட்ட என் மருமகள் கையிற் கிடந்த காப்பைத் தடவிக்கொண்டு பேசாதிருந்தாள். 2020ஆம் ஆண்டு மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இலேயே மீளத் தொடங்கிய நாடு இது. இங்கே பழைய வண்டி ஒரு குடும்பத்தின் வயல் போன்றது. அதை விற்றுப் புதிது வாங்குவது எளிதன்று.

டர்போமீது ஐயங்கொண்டது பிழையன்று. எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான வாயு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்ற, அதே தண்டின் மறுமுனையிலுள்ள சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி உள்ளே செலுத்துகின்றது. சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பூக்கி 1905இல் காப்புரிமை பெற்ற எண்ணம் இது. இன்றைய வண்டிகளில் அத்தண்டு நிமிடத்துக்கு 1,00,000 சுற்றுக்கு மேலும் சுழலும். அதைத் தாங்குவது மெல்லிய ஓயிற் படலமே. அந்த ஓயில் சக்கரத்தின் பக்கம் கசிந்து எரிந்தால் நீலப்புகை வரும். இவ்வளவும் உண்மை. ஆனால் ஐயம் வேறு, துணிபு வேறு அன்றோ?

ஊர்காவற்றுறையிலுள்ள ஒரு முதிய மெக்கானிக்கிடம் மருமகனை அழைத்துச் சென்றேன். 1990களில், பொருளாதாரத் தடையால் பெற்றோல் அரிதாகியபோது, யாழ்ப்பாணத்து ஒஸ்ரின், மொறிஸ் கார்களைச் சிறிதளவு பெற்றோலில் முடுக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டிய தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். புகையைப் படிக்கத் தெரியாதவன் அன்று வண்டி ஓட்டியிருக்க முடியாது. வந்த எங்களை இருத்திவிட்டு அவர் முதலிற் கேட்டது இதுதான்: “மாஸ்ரர், புகை இருக்கட்டும். அது எப்ப வருது, எவ்வளவு நேரம் நிக்குது, என்ன மணம் எண்டு தம்பி சொல்லட்டும்.”

பின்பு அவர் விளக்கியதை எனது நடையிற் கூறுகின்றேன். கறுப்புப் புகையென்றால் காற்றுக் குறைவு, அல்லது எரிபொருள் மிகுதி. அடைபட்ட காற்று வடியையும் டர்போவின் வெடித்த றப்பர்க் குழாயையும் முதலிற் பார்க்கவேண்டும். கண்ணை எரிக்கும் வெள்ளைப் புகையென்றால் எரியாத டீசல். சூடேற்றும் பிளக்கோ, இன்ஜெக்டரோ, அமுக்கக் குறைவோ காரணமாகலாம். இனிப்பு மணத்தோடு வெள்ளைப் புகை நீடித்து, றேடியேற்றர் நீரும் குறைந்து வருமாயின், குளிர்நீர் எஞ்சினுக்குள் இறங்குகின்றது. நீலமென்றால் ஓயில். இரவு முழுதும் நின்ற வண்டி காலையிற் சிறிது நீலம் கக்கித் தெளிந்தால் வால்வு சீல் தேய்ந்திருக்கலாம். வேகங் கூட்டும்போதெல்லாம் நீலம் வந்தால் பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கலாம்.

“துறையிலை எஞ்சினை நிப்பாட்டுறனியோ, தம்பி?” என்று அவர் அடுத்துக் கேட்டார். “இல்லை ஐயா. சனம் படகாலை வருமட்டும் ஏசி போட்டபடி விடுறனான்” என்றான் மருமகன். முதியவர் தலையசைத்தார். எஞ்சின் நெடுநேரம் சும்மா ஓடும்போது டர்போச் சக்கரத்தின் பக்கம் வாயுவின் அழுத்தம் குறைவு. ஓயில் கசிய அதுவே வாய்ப்பு. அதனோடு, எஞ்சினின் உள்ளாவியை வெளிவிடும் மூச்சுக்குழாயும் அடைபட்டிருந்தால், டர்போவிலிருந்து ஓயில் கீழே வடிய இடமின்றிச் சீலைத் தாண்டும். தாண்டியது இரவில் தேங்கிக் காலையில் எரியும். அவர் குழாயைக் கழற்றினார். அது கரிச்சேற்றால் அடைபட்டிருந்தது. டர்போத் தண்டை விரலாற் பிடித்து அசைத்துப் பார்த்தார், ஆட்டமில்லை. துப்புரவாக்கி, புது ஓயில் ஊற்றி அனுப்பினார். தேங்கிநின்றது எரிந்து தீர்ந்த சில நாள்களில் காலைப் புகை நின்றது. காப்பு கையிலேயே இருக்கின்றது.

எல்லா டர்போவும் இவ்வாறு குற்றமற்றதாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. தண்டு ஆடினால், புதிதாகக் கீச்சிடும் ஓசை எழுந்தால், காற்றுக் குழாயில் ஓயில் தேங்கி நின்றால், தாமதியாது மாற்றவே வேண்டும். காற்றோடு உள்ளே செல்லும் ஓயிலை எரித்து டீசல் எஞ்சின் கட்டுக்கடங்காது ஓடும் ஆபத்தும் உண்டு. நான் வழக்கிடுவது ஆராயாத் துணிபோடு மட்டுமே.

அன்று வீடு திரும்பும் வழியில், ஊர்காவற்றுறைக் கரையில் மீனவர் ஒருவர் மண்ணெண்ணெய் எஞ்சினை இழுத்து முடுக்கினார். நீலப்புகை கடல்மேற் பரந்தது. ஈரடி எஞ்சினுக்கு ஓயிலை எரிபொருளிற் கலந்தே ஊற்றுவர். ஆகவே வானுக்கு நோயான நீலம் அப்படகுக்கு இயல்பு. குறி ஒன்றே, அது தோன்றும் இடத்தாற் பொருள் வேறாகின்றது. ஆவியோ பனியோ என்ற ஐயம் தீராதிருக்கையிலேயே புகையென்று கொண்டு நெருப்பைத் துணிவதை ஏதுப்போலிகளுள் ஒன்றாக அறவண அடிகள் எண்ணுகின்றார். மார்கழிப் பனியில் சைலன்சரின் வாயிற் சிறிது நேரம் தோன்றி மறையும் நீராவியைக் கண்டு அஞ்சுவோர்க்கு இதைவிடத் தெளிவான அறிவுரை உண்டோ?

ஆசிரியர்களை ஒன்று கேட்கின்றேன். அந்தக் காதையை நாம் மனனஞ் செய்விக்கின்றோம். அதன் வழி சிந்திக்கப் பழக்குகின்றோமா? உயர்தர வகுப்பில் தொழினுட்பப் பிரிவு 2013இல் தொடங்கப்பட்டது. ஆயினும் தமிழ் வகுப்பும் மோட்டார்க் கராஜும் ஒன்றையொன்று அறியாமலே இருக்கின்றன. அம்முதியவரைப் போன்ற ஒருவரை ஒருநாள் வகுப்புக்கு அழையுங்கள். நிறம், நேரம், மணம், இடம் என்ற நான்கையும் எழுதிய பின்னரே காரணத்தைச் சொல்லவேண்டுமென்று மாணவரைப் பணியுங்கள். ஏதுவைச் சோதியாமல் முடிபு கூறுவோர் கராஜில் மட்டுமா இருக்கின்றனர்? பின்வாங்கில் இருக்கும் பிள்ளையை ஒருநாட் சோர்வு கண்டு மந்தனென்று தீர்த்துவிடும் நாமும் அவர்களிற் சேர்ந்தவர்களே. அத்தகைய பிள்ளைகள் சிலரை நானும் அவ்வாறு தீர்த்திருக்கின்றேன். அவர்களிடம் எப்போது, எவ்வளவு நேரம் என்று நான் ஒருமுறையேனும் கேட்டதில்லை.