பின்வரிசையிலிருந்து எழும் ஆட்டம்

விடுமுறை நாள் மாலையில் சிறுவர்கள் உதைபந்தாடும் மைதானம் ஒன்றின் எல்லைக் கோட்டருகே சற்று நின்று கவனிப்போமாயின், ஆட்டத்திலும் பார்க்கச் சுவையான காட்சியொன்று அங்கே கிடைக்கும். பந்து தம் பிள்ளைகளின் கோல் வாயிலுக்கு அண்மையில் வந்ததுமே, அதுவரை அமைதியாக நின்ற தந்தையர் யாவரும் ஒரே குரலில், "அடித்து விடு, தம்பி!" என்று கூவுகின்றனர். பத்து வயதுப் பையன் வேறு என்ன செய்வான்? தலையை நிமிர்த்திப் பாராமலே பந்தை ஆகாயத்துக்கு அனுப்புகிறான். கைதட்டல் எழுகின்றது. அப்பந்து நேரே எதிர்க்கோஷ்டியின் இடைவரிசை வீரனிடம் சென்று, மறுகணமே அதே பையனை நோக்கித் திரும்பி வருவதை எவரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

இப்பழக்கத்துக்கு மாறான கலை ஒன்றைப் பற்றியே இவ்வாரம் நாம் நேயர்களுடன் உரையாட விரும்புகின்றோம். கோல் காவலரிடமிருந்தே ஆட்டத்தைத் தொடங்கி, பின்வரிசையினர் காலுக்குக் கால் பந்தை மாற்றி, எதிரிகளைத் தம்பால் இழுத்து, அவர்கள் விட்டு வந்த வெளியினூடாக முன்னேறுவதே அக்கலை. துணிச்சல் உள்ளவனுக்கும் இது தானாக வந்துவிடாது. ஒருவர் பொறுமையோடு கற்பிக்க வேண்டும்.

இங்கிலாந்தின் லிவர்பூல் கழகம் இதனைக் கற்றுக்கொண்ட கதை நினைவிற் கொள்ளத்தக்கது. 1973ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 6ஆந் திகதி, ஐரோப்பியக் கிண்ணப் போட்டியில், யூகோஸ்லாவியாவின் றெட் ஸ்டார் பெல்கிறேட் கோஷ்டி லிவர்பூலின் சொந்த மைதானமாகிய அன்பீல்டுக்கு வந்து, 2–1 என்ற கோல் கணக்கில் வென்று சென்றது. பெல்கிறேட்டில் நடந்த முதலாட்டத்திலும் அதே கணக்குத்தான். பில் ஷாங்க்லியின் உதவியாளர்கள் சப்பாத்துகள் வைக்கும் சிறிய அறையொன்றிற் கூடி ஆட்ட விஷயங்களை ஆராய்வது வழக்கம். அத்தோல்வியின் பின் அக்கழகத்தார் கண்ட முடிவு, ஐரோப்பாவில் வெல்ல வேண்டுமாயின் பின்வரிசையினருக்கும் பந்தாடத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே. அக்காலத்து ஆங்கிலக் கோஷ்டிகளில் நடுப் பின்வரிசை வீரர் என்றால், உயர்ந்து வரும் பந்தைத் தலையால் முட்டித் துரத்தும் நெடிய மனிதர் என்றே பொருள். லரி லொயிட் அத்தகையவர். 1974இல் அவருடைய இடத்துக்கு வந்த ஃபில் தொம்சனோ மெலிந்த உடலினர். இடைவரிசையில் ஆடிப் பழகியவர். அவரும் எம்லின் ஹியூசும் பின்னின்று பந்தை நிதானமாக வெளியே கொண்டுவந்தனர். ஷாங்க்லிக்குப் பின் பொறுப்பேற்ற பொப் பெயிஸ்லியின் காலத்தில், 1977, 1978, 1981 ஆகிய மூன்று ஆண்டுகளில் ஐரோப்பியக் கிண்ணம் லிவர்பூலுக்கு வந்தது. தோற்ற மறுநாள், "இன்னும் பலமாக அடியுங்கள்" என்று சொல்லாத பயிற்றுநர்கள் எந்நாட்டிலும் அரியவரே.

இனி, கற்பிக்கும் வகையைப் பார்ப்போம். முதலிற் சொல்லிக்கொடுக்க வேண்டியது ஓர் எளிய எண்கணக்கு. எதிர்க்கோஷ்டி இரு முன்வரிசை வீரரை நெருக்க அனுப்பினால், நம்மிடம் நடுப் பின்வரிசையினர் இருவரும் கோல் காவலருமாக மூவர் உளர். அம்மூவரில் ஒருவர் எப்பொழுதும் தனித்திருப்பார். அவரைக் கண்டுபிடிப்பதே வேலை. எதிரிகள் மூவராக வந்தால், இடைவரிசை வீரர் ஒருவர் இறங்கி வந்து இரு பின்வரிசையினருக்கும் நடுவே நிற்கலாம். அவ்விருவரும் அகன்று விலக, ஓரப் பின்வரிசையினர் மேலேறுவர். 2006ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தில் மெக்சிக்கோவின் பயிற்றுநராயிருந்த றிக்கார்டோ லா வொல்ப்பே என்பவரின் பெயராலேயே இம்முறை இன்று அழைக்கப்படுகின்றது.

கோல் காவலரையும் இக்கணக்கிற் சேர்த்ததைச் சிலர் வியக்கக்கூடும். 1992இல் விதி மாறியது முதல், தன் கோஷ்டியார் வேண்டுமென்றே காலால் அனுப்பும் பந்தை அவர் கையாற் பிடித்தல் ஆகாது. ஆகவே அவருக்கும் காலாட்டம் வேண்டியதாயிற்று. அவருக்குப் பந்தைத் திருப்புவோர், கோல் கம்பங்களுக்கு இடையே அனுப்பாமல், கம்பத்துக்கு வெளியே அவர் வந்து நிற்குமிடத்துக்கு அனுப்பப் பழக வேண்டும். அவர் கால் தவறினாலும் பந்து மூலை உதையாகப் போகுமேயன்றிக் கோலாகாது.

அடுத்தது உடம்பு நிற்கும் நிலை. பந்து வருமுன்னரே தோளுக்கு மேலாகப் பின்னால் ஒருமுறை பார்த்தவன், எதிரி எங்கே நிற்கின்றான் என்பதை அறிவான். பாராதவனுக்கு எவ்வளவு நல்ல கால் இருந்தும் பயனில்லை. பந்து வந்த திசைக்கே முகங்காட்டி நின்று, கிட்டிய காலால் அதனை நிறுத்துபவன், வந்த வழியே அதனைத் திருப்ப வேண்டியவனாகின்றான். உடம்பைப் பாதி திருப்பி, பந்தைத் தன் முன்னே உருளவிட்டு, தூரத்துக் காலால் ஏற்பவனுக்கோ மைதானம் முழுவதும் விரிந்து கிடக்கும். அனுப்புபவனும் இன்னாருக்கு என்று மட்டும் எண்ணி அனுப்பினாற் போதாது. அவருடைய எந்தக் காலுக்கு என்பதையும் எண்ண வேண்டும். இன்னுமொரு நுட்பம் உண்டு. தன்னை எவரும் நெருக்காதபோது பின்வரிசை வீரன் பந்தை உடனே கொடுத்துவிடாமல், தானே முன்னோக்கி ஓட்டிச் செல்ல வேண்டும். யாராவது ஒருவன் தடுக்க வந்தே தீருவான். அவன் எவரைக் காவாது விட்டு வந்தானோ, அவருக்கே பந்து.

பயிற்சிக்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. சுமார் 10 மீற்றர் சதுரத்தின் பக்கங்களில் நால்வர், நடுவே இருவர். நால்வர் பந்தைக் காக்க, இருவர் பறிக்க முயல்வர். 1988 முதல் 1996 வரை பார்சலோனாவின் பயிற்றுநராயிருந்த யொஹான் குரைஃப் இத்தகைய ஆட்டத்துக்குத் தம் பயிற்சியிற் பிரதான இடம் அளித்தார். இது கைவந்த பின், மைதானத்தின் மூன்றிலொரு பங்கில், கோல் காவலருடன் நால்வரை மூன்று எதிரிகளுக்கெதிரே நிறுத்தி, அப்பால் இரு சிறு வாயில்களை வைத்து, அவற்றினூடாகப் பந்தைக் கொண்டு சென்றால் ஒரு புள்ளி என ஆடலாம். முதலில் எதிரிகள் நடந்தே வரட்டும். சில வாரங்களின் பின் ஓடி வரட்டும்.

விதிகளும் இன்று இடங்கொடுக்கின்றன. கோல் உதையின்போது பந்து தண்ட உதை எல்லையைக் கடந்த பின்னரே சகவீரர் அதனை ஏற்கலாம் என்ற நிபந்தனை 2019இல் நீங்கியது. அமெரிக்காவிற் பத்து வயதுக்குட்பட்டோர் ஆடும் எழுவர் ஆட்டத்தில், தண்ட உதை எல்லைக்கும் நடுக்கோட்டுக்கும் இடையே ஒரு கோடு வரைந்து, கோல் காவலர் பந்தை ஆட்டத்தில் விடும்வரை எதிர்க்கோஷ்டியார் அதன் பின்னே நிற்க வேண்டுமென 2017இல் விதித்தனர்.

இவ்வாறு விதி கொடுக்கும் அவகாசத்தை வீட்டார் பறித்துவிடுதல் கூடும். சதுரத்துக்குள் பந்து பறிபோனால் சிரிப்போடு தீர்ந்துவிடும். கோல் வாயிலிற் பறிபோனால் கோல். கற்கும் காலத்தில் அத்தகைய கோல்கள் சில விழவே செய்யும். அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் தந்தையிடம் ஏச்சு வாங்கிய பையனை அடுத்த ஆட்டத்திற் கவனியுங்கள். அவன் ஒரு பந்தையும் தவறவிடமாட்டான். ஏனெனில் ஒரு பந்தையும் கேட்கமாட்டான். எதிரியின் முதுகுக்குப் பின்னே, பந்து வந்துசேர முடியாத இடமாகப் பார்த்து நிற்பான். தூரத்திலிருந்து பார்ப்போருக்கு அவன் திருந்திவிட்டான் போலத் தோன்றும். பயிற்றுநருக்கு மட்டுமே அவனை இழந்துவிட்டோம் என்பது புரியும். ஆகையால், ஆட்டப் பருவம் தொடங்குமுன்னரே பெற்றோரை அழைத்து, "இம்முறையில் ஆடும்போது நமக்கு விழும் கோல்கள் என் கணக்கில்" என்று பயிற்றுநர் சொல்லிவிட வேண்டும் என்பது எமது அபிப்பிராயம். சொன்னவர் மூன்றாந் தோல்வியோடு பேச்சை மாற்றவும் கூடாது.

2016இல் மன்செஸ்டர் சிற்றி கழகத்தைப் பொறுப்பேற்ற பெப் குவார்டியோலா, புகழ்பெற்ற கோல் காவலர் ஜோ ஹாட்டை விலக்கிக் குளோடியோ பிறாவோவைக் கொணர்ந்தார். பிறாவோவின் முதற் பருவம் பெருஞ் சோதனையாகவே முடிந்தது. 2017இல் எடர்சன் வந்தார், முறை மாறவில்லை. பணம் படைத்த கழகம் ஆளை மாற்றிக்கொள்ளலாம். சிறுவரைப் பயிற்றுபவருக்கு அவ்வழி இல்லை. இருக்கும் பிள்ளைகளையே வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

நெடிய உதை பாவமென்று நாம் சொல்ல வரவில்லை. எதிரிகள் அனைவரும் நம் கோல் வாயில்வரை ஏறி வந்துவிட்டால், அவர்களுக்குப் பின்னே வெளி திறந்து கிடக்கும். அங்கே முன்வரிசை வீரரைத் தேடி அனுப்பும் பந்தும் இக்கலையின் பகுதியே. எடர்சனின் பெயர் பெற்ற உதைகள் பல அத்தகையவை. லிவர்பூலை விட்டு நீங்கிய லரி லொயிட்டும் ஓய்ந்துவிடவில்லை. நொட்டிங்ஹாம் பொறெஸ்ட் கோஷ்டியில் நின்று, 1979, 1980 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஐரோப்பியக் கிண்ணத்தைக் கையிலேந்தினார். தரையும் ஒத்துழைக்க வேண்டும். பரற்கற்கள் நிறைந்த மைதானத்தில் உருண்டு வரும் பந்து முழங்காலுக்கு எழும்பும். அங்கே சதுரத்தைப் பெரிதாக்கி, பந்தை நிறுத்தி ஆட ஒரு தொடுகை கூடுதலாக அனுமதித்தல் நலம். மழை பெய்து சேறான நாளிலோ, கோல் வாயிலிற் பந்து தேங்கி நிற்பதைக் கண்டால், நாமும் அத்தந்தையருடன் சேர்ந்து "அடித்து விடு, தம்பி!" என்றே கூவுவோம்.