மீன் வறுவலும் பற்று வரவும்

பௌர்ணமிக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமையாக வாய்த்துவிட்டால் திருவண்ணாமலையில் ஒரு வேடிக்கை பார்க்கலாம். முதல் நாள் ராத்திரி 'அண்ணாமலையாருக்கு அரோகரா' என்று பதினாலு கிலோமீட்டர் மலையைச் சுற்றிய அதே கால்கள், மறுநாள் காலை சாத்தனூர் பஸ்ஸுக்கு ஓடும். ஒரு மாசத்துப் புண்ணியத்தை வரவு வைத்தாயிற்று, கொஞ்சம் செலவு பண்ணினால் தப்பில்லை என்கிற தெம்பு! நெற்றியில் விபூதி சரியாகக் கலைந்துகூட இருக்காது. கையில் சுடச்சுட மீன் வறுவல்.

நான் பி.காம். படித்தவன். எதைப் பார்த்தாலும் புத்தி பற்று, வரவு என்றுதான் போகும். கல்யாண வீட்டில் எல்லோரும் பெண்ணைப் பார்த்தால் நான் மொய் நோட்டை எட்டிப் பார்ப்பேன். அப்படிப்பட்டவன் சமீபத்தில் சாத்தனூர் அணைக்குப் போனபோது, அங்கேயும் ஒரு கணக்கு இடித்தது. அதை உங்களிடம் சொல்லாவிட்டால் எனக்கு ஜீரணமாகாது.

வறுவல் கடை அக்காவிடம் எனக்கு முன்னால் நின்ற ஒருவர் கேட்டார்: "ஏம்மா, இந்த ஆத்துல நுரை நுரையா வருதுன்னு டி.வி.யில காட்டறாங்களே, மீனைச் சாப்பிடலாமா?"

அக்கா வாணலியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நுரை ஓசூர்ல சார். இது சாத்தனூரு. உங்களுக்கு எந்த ஊரு?"

"பெங்களூர்."

"அப்ப நீங்கதான் சார் சொல்லணும்!"

சுற்றி நின்ற அத்தனை பேரும் சிரித்தோம். கேட்டவரும் சிரித்தார், பாவம். சிரித்து முடித்த பிறகுதான், அக்கா ஒரே வரியில் முழு விஷயத்தையும் சொல்லிவிட்டது உறைத்தது.

தென்பெண்ணை கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறக்கிறது. அங்கே அதற்குத் தட்சிண பினாகினி என்று அழகான பெயர். வருகிற வழியில் பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் வடிகாலும் அதில் வந்து சேர்கிறது. பெல்லந்தூர் சின்னக் குட்டை இல்லை. ஏறத்தாழ 900 ஏக்கர். ஒரு காலத்தில் அங்கேயும் வலை போட்டு மீன் பிடித்தார்கள். பிறகு ஊர் வளர்ந்தது, சாக்கடை வளர்ந்தது. 2015 மே மாதம் அந்த ஏரியின் நுரை தீப்பிடித்து எரிந்தது. நெருப்பைத் தண்ணீர் விட்டு அணைக்கலாம். ஏரியே எரிந்தால் எதை விட்டு அணைப்பது? 2017 பிப்ரவரியிலும் 2018 ஜனவரியிலும் மறுபடி தீ. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கண்டித்தது, பிறகு தூர்வாரும் வேலையும் நடந்தது. அதே பெங்களூரின் அல்சூர் ஏரியில் 2016 மார்ச்சில் ஆயிரக்கணக்கில் மீன்கள் செத்து மிதந்தன.

ஆறு தமிழ்நாட்டுக்குள் நுழைந்ததும் முதலில் நிற்பது ஓசூர் பக்கத்துக் கெலவரப்பள்ளி அணை. மதகைத் திறந்தால் தண்ணீர் விழுகிற வேகத்தில், துணி ஊறவைத்த வாளி மாதிரி நுரை பொங்கும். 2024 அக்டோபரில் அது சாலையையே மூடிக்கொண்டது. அடுத்து கிருஷ்ணகிரி அணை. அதற்கும் அப்புறம்தான் எங்கள் சாத்தனூர். 1958-ல் கட்டி முடித்த அணை. 119 அடி, 7.3 டி.எம்.சி.

இவ்வளவு தூரம் உருண்டு வருவதற்குள் நுரை காணாமல் போய்விடுகிறது. 'அப்பாடா' என்று பெருமூச்சு விடாதீர்கள். நுரை போய்விடும், நுரைக்குக் காரணமானவற்றில் தண்ணீரில் கரைந்தது அவ்வளவு சுலபத்தில் போகாது. சாக்கடையிலும் சோப்புத்தூளிலும் வயல் உரத்திலும் இருக்கும் பாஸ்பரஸ் பாசிக்கு டானிக். டானிக் குடித்த பாசி பகலில் ஆக்ஸிஜன் கொடுக்கும். ராத்திரி அதுவே ஆக்ஸிஜனை இழுத்துக்கொள்ளும். செத்து அடியில் போய் மக்கும்போது இன்னும் கொஞ்சம் இழுக்கும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், அது சுப்ரபாதம் பாடவில்லை. மூச்சுத் திணறுகிறது.

அணை மீன்கள் குடியிருப்பது மாடி வீட்டில். மேல் மாடி கட்லா, நடு மாடி ரோகு, தரைத்தளம் மிர்கால். அடித்தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைந்தால் முதலில் வீட்டைக் காலி பண்ண வேண்டியது தரைத்தளத்துக்காரர்தான். ஜிலேபிக் கெண்டை மட்டும் சமாளித்துக்கொண்டு கிடக்கும். 1952-ல் இந்தியாவுக்கு வந்த அயல்நாட்டு மீன் அது. எந்த மெஸ் சாப்பாடும் ஒத்துக்கொள்கிற ஹாஸ்டல் பையன் மாதிரி. ஓர் ஏரியில் ரகரகமாக விழுந்த வலையில் வரவர ஜிலேபியாகவே விழுந்தால், கொஞ்சம் சந்தேகப்படுவது நல்லது.

அணையில் ஒரு பரிசல்காரர் வலையை உதறிக்கொண்டிருந்தார். மெல்லப் பேச்சுக் கொடுத்தேன்.

"தண்ணி கெட்டா எங்களுக்குத்தான் சார் மொதல்ல தெரியும். வலை வழவழன்னு பாசி புடிச்சிக்கும். நாத்தம் மாறும்."

"யார்கிட்டயாவது சொல்வீங்களா?"

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சொன்னா மறுநாள் மீனை யாரு சார் வாங்குவாங்க? எம் புள்ளைங்களுக்கு நீங்க சோறு போடுவீங்களா?"

எனக்குப் பதில் வரவில்லை. பி.காமில் இதற்குப் பாடமே கிடையாது.

முடிச்சு இங்கேதான் இருக்கிறது. முதலில் தெரிந்துகொள்கிறவர் வாயைத் திறக்க முடியாது. திறந்தால் அவர் அடுப்பு அணையும். வாயைத் திறக்க வேண்டியவர்களோ, தெரிந்த மாதிரியே காட்டிக்கொள்வதில்லை. நடுவில் வதந்தி மட்டும் செல்போனில் சௌக்கியமாக உலாவுகிறது. 'நுரை ஆற்று மீன் விஷம்' என்று ஒருத்தர் ஒரு படத்தை அனுப்பினால் போதும். கழிவை விட்டவருக்கு ஒரு பைசா நஷ்டம் இல்லை. பரிசல்காரருக்கு அன்றைய கூலி போச்சு.

கணக்குப் பாடத்தில் முதல் விதி என்ன? ஒவ்வொரு வரவுக்கும் எதிரே ஒரு பற்று உண்டு. மேலே ஒரு நகரமோ, ஒரு தொழிற்சாலையோ கழிவைச் சுத்தம் பண்ணாமல் விட்டு நாலு காசு மிச்சம் பிடித்தால், அது அங்கே லாபம் என்று எழுதப்படுகிறது. எதிர்ப் பதிவு காணாமல் போய்விடுமா? அது ஆற்றோடு மிதந்து வந்து பரிசல்காரர் பேரிலும், வறுவல் கடை அக்கா பேரிலும், தட்டோடு நிற்கிற உங்கள் பேரிலும் பற்று விழுகிறது. கையெழுத்துப் போடாமலே கடன்!

பெங்களூரை மட்டும் திட்டிவிட்டுக் கையைக் கழுவலாம் என்றால், கழுவுகிற சோப்பு எந்த ஆற்றுக்குப் போகிறது என்ற கேள்வி வருகிறது. ஓசூர் நம் ஊர்தான். கிருஷ்ணகிரி நம் ஊர்தான். சாத்தனூருக்குப் பிக்னிக் வந்து, புளிசாதம் தின்ற தட்டை அப்படியே தண்ணீரில் விட்டெறிகிற புண்ணியவானும் நம் ஊர்தான்.

இரண்டு மாநிலத்து ஆறு, என்ன பண்ண முடியும் என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். அமெரிக்காவும் கனடாவும் பங்கு போட்டுக்கொள்ளும் ஈரி என்ற மாபெரும் ஏரி 1960-களில் 'செத்துவிட்டது' என்று பத்திரிகைகளில் பேசப்பட்டது. 1970-ல் பாதரசம் கலந்த மீன் என்று மீன்பிடிப்புக்கே தடை வந்தது. 1972-ல் இரண்டு தேசமும் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டன. சாக்கடைச் சுத்திகரிப்புக்குப் பணம் கொட்டின. சோப்புத்தூளில் பாஸ்பேட்டைக் குறைத்தார்கள். மீன் திரும்பி வந்தது. கதை அதோடு சுபம் இல்லை. வயல் உரத்தின் பாஸ்பரஸால் பாசி மறுபடி பெருகி, 2014 ஆகஸ்டில் டொலிடோ நகரத்து ஜனங்களிடம் 'குழாய்த் தண்ணீர் குடிக்காதீர்கள்' என்று சொல்ல வேண்டி வந்தது. ஏரி என்பது குழந்தை மாதிரி. ஒரு தடவை குளிப்பாட்டிவிட்டு, ஆச்சு என்று இருக்க முடியாது.

நம்மிடம் இதற்கு என்ன ஏற்பாடு? அணையில் எத்தனை அடி, எத்தனை கனஅடி என்பது நமக்கு மனப்பாடம். 2024 டிசம்பர் புயல் மழையில் சாத்தனூரிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி திறந்தார்கள் என்பதை எங்கள் தெரு பால்காரர் தூக்கத்தில்கூடச் சொல்வார். எவ்வளவு தண்ணீர் என்று தினம் சொல்கிறார்கள். என்ன தண்ணீர் என்று சொல்வதுதான் இல்லை.

என் யோசனை ரொம்பச் சின்னது. நகைக்கடை வாசலில் தங்கம் விலை எழுதுகிற மாதிரி, அணை வாசலில் ஒரு கரும்பலகை. 'இன்றைய ஆக்ஸிஜன் இவ்வளவு.' ஒரு லிட்டரில் 4 மில்லிகிராமாவது இருந்தால்தான் மீன் வளரத் தகுந்த தண்ணீர் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே வகுத்திருக்கிறது. அளப்பது ராக்கெட் விடுகிற வேலை இல்லை. ஹங்கேரிக்காரர் விங்க்ளர் 1888-லேயே வழி சொல்லிவிட்டார்: பாட்டில் தண்ணீரில் இரண்டு மருந்தை விட்டால், ஆக்ஸிஜன் இருந்தால் பழுப்பாகத் திரியும், அறவே இல்லாவிட்டால் வெள்ளையாக நிற்கும். இப்போது கையடக்க மீட்டரே இருக்கிறது. ஒரு நிபந்தனை: சூரியன் உதிக்கும் முன் அளக்க வேண்டும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து அளந்தால் பாசியின் புண்ணியத்தில் எல்லா ஏரியும் முதல் வகுப்பில் பாஸாகும்.

ஆக்ஸிஜன் மட்டும் போதாது. ஈயம், காட்மியம் மாதிரி சமாசாரங்கள் வாசனையில் தெரியாது, எண்ணெயில் எவ்வளவு முறுக வறுத்தாலும் போகாது. அவ்வப்போது மீனின் சதையையே ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, முடிவையும் அதே பலகையில் எழுத வேண்டும். நல்லது என்றால் அக்கா கடையில் கூட்டம் இரட்டிக்கும். கெட்டது என்றால், சொன்ன பழி பரிசல்காரர் தலையில் விழாது. கேள்வி மேலே போகும், கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூர் என்று ஆறு வந்த வழியிலேயே.

எனக்கு மீன் ஆகாது, நான் சைவம் என்று பக்கத்தைத் திருப்பப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சாத்தனூரைத் தாண்டி இதே தென்பெண்ணைதான் மணலூர்பேட்டைக்குப் போகிறது. வருஷா வருஷம் தை மாத ஆற்றுத் திருவிழாவுக்கு எங்கள் அண்ணாமலையார் அங்கே எழுந்தருளித் தீர்த்தவாரி காண்கிறார். அவர் சுத்த சைவம். அவருக்கும் இதே தண்ணீர்தான்.