ஹெசரகட்டா தரிசு நிலம் அன்று

மழைக்காலம் தணியும்போது, விடுமுறை நாள்களின் விடியலில், பெங்களூருவிலிருந்து ஹெசரகட்டாப் புல்வெளிக்குச் சிறு குழுக்கள் செல்கின்றன. நின்று பார்ப்போர்க்கு அங்கே புல் மட்டுமே தெரியும். குனிந்து பார்ப்போர்க்கே விஷ்ணுகிரந்தி போன்ற விரலளவுச் செடிகளின் பூக்கள் புலப்படும். இக்காட்டுப்பூக்களை இனங்கண்டு குறித்துவைப்பதைப் பொழுதுபோக்கு என்று தள்ளும் போக்கு கல்விப்புலத்தில் நிலவுகிறது. அப்போக்கு அறிவுக்கும் நிலத்துக்கும் ஒருங்கே தீங்கு செய்கிறது.

வரி தராத நிலத்தைத் தரிசு என்று வகுத்தது காலனிய வருவாய் நிர்வாகம். இன்றும் நடுவண் அரசின் தரிசுநில வரைபடத் தொகுதி புதர்வெளிகள் பலவற்றை அவ்வகையிலேயே சேர்க்கிறது. தரிசு என்று எழுதப்பட்ட இடத்தில் எதையும் கட்டலாம். மரக்கன்றுகளை நட்டு, வெயிலை நம்பி வாழும் சிறுசெடிகளை நிழலால் அழிக்கவும் செய்யலாம். ஹெசரகட்டாவில் திரைப்பட நகரம் அமைக்கவே திட்டம் இருந்தது. அப்புல்வெளியைக் காப்பகமாக்கும் முன்மொழிவை மாநில வனவிலங்கு வாரியம் 2021 சனவரியில் நிராகரித்தது. 2024 அக்டோபரில், ஏறத்தாழ 5,678 ஏக்கருக்கு, ஏற்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் காப்பகம் கோரியோர் கையிலிருந்த சான்றுகளுள் உயிரினப் பட்டியலும் ஒன்று. அத்தகைய பட்டியல் ஆய்வகத்தில் விளைவதில்லை. களத்தில் நடந்தோரே அதனைத் தொகுக்கின்றனர்.

கைப்பேசிச் செயலி பெயர் சொல்லிவிடும்போது வகைப்பாட்டியல் எதற்கு என்பர் சிலர். செயலி தருவது ஊகமே. இலையடுக்கு, மயிர், கனி, விதை ஆகியவற்றை ஒப்புநோக்கியே அவ்வூகத்தை உறுதிசெய்ய இயலும். மாதிரியின் பெயர் பிழையானால், அதிலிருந்து பெறும் மரபணு வரிசையும் பிழையான பெயரிலேயே தரவுத்தளத்தில் தங்கும். செசில் சல்தானாவும் டான் நிக்கல்சனும் 1976இல் வெளியிட்ட ஹாசன் மாவட்டத் தாவரத் தொகுப்பு களச் சேகரிப்பின்மேல் எழுந்த நூல். அதனை மேற்கோள் காட்டுவோர் அதன் உழைப்பைப் பொழுதுபோக்கு என்பது முரண்.

தமிழ்த்துறைகளும் இதில் விலக்கல்ல. குறிஞ்சிப்பாட்டின் 99 பூக்களை ஒப்பிக்கும் மாணவர்க்கு அவற்றுள் பத்தையேனும் செடியில் காட்டும் வகுப்பு எங்கே?

உலாக் குழுக்களிடமும் குறையுண்டு. நாள், இடம், உலர்மாதிரி ஆகிய மூன்றும் இல்லாத படம் ஆய்வுக்கு அரைச்சான்றே. ஆடுமாடு மேய்ப்போரைக் கேளாமல் தொகுக்கும் பட்டியலும் அரைகுறையே. எச்செடியைக் கால்நடை தின்னும், எது எப்போது பூக்கும் என்பதை அவர்கள் அறிவர். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 36அ பிரிவு, காப்பகம் அறிவிக்குமுன் உள்ளூர் மக்களைக் கலந்தாய வேண்டும் என்கிறது. அக்கலந்தாய்வு பூப்பட்டியலிலேயே தொடங்கலாம்.

ஒவ்வொரு தாவரவியல் துறையும் அருகிலுள்ள ஒரு புல்வெளியை ஏற்று, பருவந்தோறும் மாணவர்களை அழைத்துச் சென்று, மாதிரிகளை ஹெர்பேரியத்தில் சேர்த்து, அப்பணிக்கு மதிப்பெண் வழங்கட்டும். அடுத்த திட்டவரைவு தரிசு என்ற சொல்லோடு வரும்போது, மறுக்கும் பட்டியல் ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.